பழைய பி.எல்.சி. சாஃப்ட்வேர் படிச்சா வேலை கிடைக்குமா? மரக்காணம் மாணவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

மழை வந்தால் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்காகத்தான் உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. பிள்ளைகளையாவது ஐ.டி.ஐ. படிக்க வைத்து ஒரகடம் பக்கம் அனுப்பிடணும்னு நினைக்கிற வீடுகளுக்கு ஒரு கேள்வி முக்கியம்: அங்கே எந்த சாஃப்ட்வேர் சொல்லித் தர்றாங்க?

பி.எல்.சி. என்றால் என்ன?
தொழிற்சாலை இயந்திரம் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் சிறிய கணினி.

பழசு ஏன் இன்னும் தேவை?
ஓடுகிற லைனை நிறுத்தி மாற்றினால் பெரும் செலவு. அதனால் சீமென்ஸ் எஸ்7-300 போன்ற பழைய கன்ட்ரோலர்கள் இன்னும் இயங்குகின்றன. பழுது பார்க்க, ஸ்டெப் 7 தெரிந்த ஆள் வேணும்.

சிக்கல் எங்கே?
புதிய லைன்களுக்கு டி.ஐ.ஏ. போர்ட்டல் வந்துவிட்டது. பழசை மட்டும் படித்தவர் அங்கே தடுமாறுவார். பாதுகாப்பும் பிரச்னைதான். 2010-ல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் வைரஸ் குறிவைத்தது ஸ்டெப் 7 கணினிகளைத்தான்.

அரசு என்ன செய்தது?
டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து, 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.களை 'தொழில் 4.0' தரத்துக்கு உயர்த்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது.

சேரும் முன் என்ன கேட்கணும்?
லேடர் லாஜிக் அடிப்படை இரண்டிலும் ஒன்றுதான். அதனால் பழையதில் கற்றது வீணாகாது. ஆனால் புதிய சாஃப்ட்வேரும் உண்டா, நிஜ கன்ட்ரோலரில் வயரிங் செய்யக் கிடைக்குமா, இல்லை திரையில் சிமுலேஷன் மட்டும்தானா? இதைக் கேட்டுட்டு சேருங்க.