பாவித்த வாகனமும் மறைக்கப்படும் வரலாறும்

2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எனினும் வரிச்சுமை காரணமாக, கண்டியிலும் அயலிலும் நடுத்தரக் குடும்பங்கள் பாவித்த கார்களையே நாட வேண்டியுள்ளது.

பல ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்து வாங்கும் கார் எத்தனை கை மாறியது, எவ்வளவு தூரம் ஓடியது என்பதை அறிவது எளிதல்ல. உரிமை மாற்றத்தை 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டுமென்பது சட்டம். ஆயினும் கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்துடன் வாகனங்கள் கைமாறுகின்றன. இடையில் வைத்திருந்தவர்களின் பெயர் பதிவேட்டில் ஏறுவதேயில்லை. மீற்றரைக் குறைத்து விற்போரும் உளர். கடுகண்ணாவை இறக்கத்தில் தேய்ந்த பிரேக்குடன் செல்லும் குடும்பத்துக்கு இது பண நட்டம் மட்டுமன்று, உயிராபத்துமாகும்.

பிரித்தானியாவில் வாகன இலக்கத்தைக் கொண்டே வருடாந்தப் பரிசோதனை முடிவுகளையும் அவ்வேளை பதியப்பட்ட ஓட்டத் தூரத்தையும் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். இங்கும் வருடாந்தப் புகைப் பரிசோதனை நடைபெறுகின்றது. அதன்போது மீற்றர் அளவைப் பதிந்து, உரிமை மாற்றங்களின் எண்ணிக்கையுடன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் முன்வர வேண்டும். உரிமையாளர்களின் பெயர்களை வெளியிட வேண்டியதில்லை.

அதுவரை, சேர்விஸ் பதிவுகளைக் கேட்டுப் பாராமலும் பெயர் மாற்றத்தை உறுதி செய்யாமலும் முற்பணம் கொடுக்க வேண்டாமென்பதே எமது வேண்டுகோள். குறையை மறைத்து விற்பதை எம்மிடையேயுள்ள எந்த மதமும் ஏற்பதில்லை. சட்டமும் அதற்கு இடமளிக்கலாகாது.