26 எல்லாம் ஒரே 26 அல்ல



தொண்ணூறுகளில் எரிபொருள் தடைக்கு நடுவே பிள்ளைகளையும் மூட்டைகளையும் சைக்கிளில் ஏற்றிச் சென்ற உங்களுக்கு நான் சைக்கிள் பாடம் நடத்த வரவில்லை. ஆனால் 1977இலும் 1983இலும் மலையகத்திலிருந்து வன்னிக்கு ஓடிய குடும்பங்களில் சிலர் இங்குள்ள சொந்தங்களிடம் திரும்பியிருக்கிறார்கள். வன்னியின் சமதரையில் ஓடிய பழைய சைக்கிள் ஹட்டன் பக்கத்து இறக்கத்தில் ஓடும்போது சில விஷயங்களைக் கவனிக்கத்தான் வேண்டும்.

எங்கள் லயத்து அக்கா ஒருவர் டவுனில் "26 டயர்" என்று கேட்டு வாங்கி வந்தார். இரண்டு பேர் இழுத்தும் அது ரிம்மில் ஏறவில்லை. அவருடைய ரிம் 26 x 1 3/8. வாங்கியதோ மலைச் சைக்கிளுக்குரிய 26 x 1.75. முதலாவது ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 590 மில்லிமீற்றர், மற்றது 559. பெயர் ஒன்று, வித்தியாசம் 31 மில்லிமீற்றர்! 1.75உம் 1 3/4உம் கணக்கில் ஒன்றுதானே என்பீர்கள். டயரில் அதுவும் வேறு. 1 3/4 என்பது 571. பெரிய 28 x 1 1/2 சைக்கிளுக்கு 635. ஆகவே பழைய டயரின் பக்கத்தில் 37-590 என்பதுபோல இருக்கும் எண்ணை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். எழுத்து அழிந்திருந்தால் சில்லையே கழற்றிக் கொண்டுபோவது நல்லது. ஏறாத டயரால் காசுதான் நட்டம். தளர்வான டயர் இறக்கத்தில் கழன்றால் ஆளுக்கே ஆபத்து.

காற்றிலும் அவசரம் கூடாது. புதிய ரிம்கள் பலவற்றில் உள்விளிம்பு வளைந்து டயரைப் பிடித்துக்கொள்ளும். பழைய இரும்பு ரிம்மில் அந்த வளைவு இராது. அளவுக்கு மீறி அடித்தால் டயர் வெளியே தள்ளும். டயரில் எழுதியிருப்பதே உச்ச அளவு. பழைய ரிம்முக்கு அதிலும் குறைவாக, 40 முதல் 50 இறாத்தலுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வேன். பாரம் ஏறும் பின் சில்லுக்குக் கொஞ்சம் கூட, முன் சில்லுக்குக் கொஞ்சம் குறைய. குறைந்துபோனாலும் தோட்டத்துக் கல்லுப் பாதையில் ரிம் இடித்து டியூப் வெட்டுப்படும். வாகனங்களுக்குக் காற்றடிக்கும் குழாயைச் சைக்கிளுக்குப் பிடிக்கவே வேண்டாம், நொடியில் வெடித்துவிடும். கைப்பம்புதான் நல்லது.

முதலில் அரைவாசி அடித்து நிறுத்திச் சில்லைச் சுற்றிப் பாருங்கள். ரிம் ஓரமாக டயரில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அது ஓரிடத்தில் ஏறியும் ஓரிடத்தில் இறங்கியும் தெரிந்தால் காற்றை விட்டு, கையால் டயரைச் சரிசெய்து மறுபடி அடியுங்கள்.