கடல் தாண்டிய ரேடியேட்டர் மூடி

கார் ரேடியேட்டரின் மூடி உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால், அதற்குள் இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் சீக்கிரமே கொதித்து வெளியேறும். ஸ்பிரிங் அதிக விறைப்பாக இருந்தால் ரப்பர் ஹோஸ் வெடிக்கலாம். எது நடந்தாலும் குடும்பத்தோடு நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

இந்த மூடியைச் செய்யும் வேலையை 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் சென்னைக்குக் கொடுத்தது. இங்கிலாந்தில் இருந்த ஆலையின் இயந்திரங்களை வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தது, பாடியில் போல்ட், நட்டு செய்துவந்த சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ். 'இந்தியச் சரக்கில் தரம் இருக்குமா?' என்று வெளிநாட்டினர் தயங்கிய காலம் அது. ஆனால் அதே ஜெனரல் மோட்டார்ஸ், சிறந்த சப்ளையர் விருதைப் பலமுறை இந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது.

வெளிநாட்டில் வேலை கொடுப்பவருக்குப் பெரிய சிக்கல், தூரம். சரக்கு போய் இறங்கிய பிறகே தவறு தெரியும். அதற்குள் அதே தவறோடு அடுத்த கன்டெய்னரும் கடலில் இருக்கும்.

கடைசியில் சோதித்தால் போதாதா? 100 மூடிகளில் 2 பழுது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10-ஐ மட்டும் எடுத்துப் பார்த்தால், ஐந்தில் நான்கு முறை பழுது கண்ணில் படாது!

அதனால் தரத்தை மெஷினிலேயே பிடிக்க வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை அளவெடுத்து சார்ட்டில் குறிக்க வேண்டும். அளவு எல்லையைத் தாண்டும் முன்பே, நகர ஆரம்பிக்கும்போதே மெஷினை நிறுத்திச் சரிசெய்ய வேண்டும். இந்த ஒழுங்குக்குத்தான் ஜப்பான் டெமிங் பரிசு தருகிறது. இந்தியாவில் அதை முதலில் வாங்கியது, 1998-ல் பாடியின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு. 2003-ல் அம்பத்தூரின் ரானே பிரேக் லைனிங், 2004-ல் பாடியின் லூகாஸ் டிவிஎஸ் ஆகியவையும் வாங்கின.

இன்று சிறு பட்டறைக்காரர்களும் சீனாவில் பாகங்கள் செய்து வாங்குகிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியவை:

* ஒப்புக்கொண்ட சாம்பிளில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

* அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பதை டிராயிங்கிலேயே எழுதுங்கள்.

* கேட்காமல் மூலப்பொருளை மாற்றக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். முதல் லாட் நன்றாக வந்து, நான்காவது லாட் சொதப்புவது பெரும்பாலும் இதனால்தான்.

* கப்பலேறும் முன் உங்கள் ஆள் பார்த்த பிறகே மீதிப் பணம்.

ஒருவர் 2 ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றால், அது எதில் குறைகிறது என்று கேட்டுவிடுங்கள். ஸ்பிரிங்கில் குறைந்திருந்தால், அந்த 2 ரூபாயைவிட நஷ்டம் பல மடங்கு!