சரியான சில்லறை கேட்கும் ஹைட்ரஜன்

கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறினால், கண்டக்டர் முதலில் கேட்பது சில்லறை இருக்கா என்றுதான். ஹைட்ரஜன் அணுவும் அப்படித்தான். சரியான சில்லறை மட்டுமே செல்லும்!

அதன் ஒற்றை எலக்ட்ரான் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. அதற்கென்று படிகள் உண்டு. முதல் படியின் ஆற்றல் -13.6 எலக்ட்ரான் வோல்ட், இரண்டாவது -3.4, மூன்றாவது -1.51. (மைனஸைப் பார்த்து மிரள வேண்டாம். கடன் பாக்கி என்று வைத்துக்கொள்ளலாம். முழுசாக அடைத்தால் எலக்ட்ரானுக்கு விடுதலை.) மின்சாரம் பாய்ச்சி மேல்படிக்கு ஏற்றினால் அங்கே தங்காது. பெரும்பாலும் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது, இறங்கிவிடும். இறங்கும்போது இரண்டு படிகளுக்கும் உள்ள வித்தியாசம் ஒளியாக வெளியே வரும். மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தால் 1.89, அதுதான் 656.3 நானோமீட்டர் சிவப்புக் கோடு. நான்கிலிருந்து இரண்டுக்கு என்றால் 486.1, நீலப்பச்சை. நடுவில் மஞ்சள் கோடு ஏன் இல்லை? அந்தத் தொகைக்குப் படிகளே இல்லை, அவ்வளவுதான்.

இந்த "ஏன் இல்லை" என்ற கேள்விதான் பிளஸ் டூ வகுப்புகளில் பெரும்பாலும் காணாமல் போகிறது. பாமர் என்ற சுவிஸ் பள்ளி ஆசிரியர் 1885-ல் இந்தக் கோடுகளுக்குச் சூத்திரம் கண்டுபிடித்தார். காரணம் அவருக்கே தெரியாது. 1913-ல் நீல்ஸ் போர் வந்துதான் படிகளைச் சொன்னார். 28 வருடம் உலகம் கேள்வியை வைத்துக்கொண்டு விடை தேடியது. நம் மாணவனோ கேள்வியே தெரியாமல் விடையை மனப்பாடம் செய்கிறான். பிறகு இயற்பியல் கஷ்டம் என்று ஓடுகிறான். ஓடாமல் என்ன செய்வான்?

இத்தனைக்கும் விஷயம் தூரத்தில் இல்லை. கல்வராயன் மலைக்கு வடக்கே, ஜவ்வாது மலையின் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. எந்த நட்சத்திரத்தின் ஹைட்ரஜனும் இதே கோடுகளைத்தான் காட்டும். கோடு கொஞ்சம் நகர்ந்திருந்தால், நட்சத்திரம் நெருங்குகிறதா விலகுகிறதா என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

அவ்வளவு பெரிய கருவிகூட வேண்டாம். பள்ளிக்கு ஒரு ஹைட்ரஜன் குழல் விளக்கும், ஒளியைப் பிரிக்கும் ஒரு கீற்றணியும் போதும். அதுவும் இல்லையா? பழைய சிடியைச் சாய்த்துப் பிடித்து முதலில் குண்டு பல்பையும் பிறகு டியூப்லைட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். குண்டு பல்பில் நிறங்கள் தொடர்ச்சியாக இருக்கும். டியூப்லைட்டில் பாதரசத்தின் நிறங்கள் தனித்தனியே பளிச்சென்று தெரியும். சூத்திரத்தை மறுநாள் எழுதிக்கொள்ளலாம்.