சுட்டது சிப்பாய், பதில் சொல்வது யார்?

நாகாலாந்து மாநிலம் மோன் மாவட்டத்தில் உள்ளது ஓட்டிங் கிராமம். 2021-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி மாலை, நிலக்கரி சுரங்கத்தில் வேலை முடிந்த 8 தொழிலாளர்கள் ஒரு வேனில் ஊர் திரும்பிக் கொண்டிருந்தனர். அவர்களைத் தீவிரவாதிகள் என்று நினைத்து, பதுங்கியிருந்த ராணுவ கமாண்டோக்கள் சுட்டார்கள். 6 பேர் பிணமானார்கள்.

தேடி வந்த ஊர்க்காரர்களுக்கும் படையினருக்கும் மோதல் ஏற்பட்டது. அதில் கிராமத்தினர் 7 பேரும் ஒரு ராணுவ வீரரும் இறந்தனர். மறுநாள் மோன் நகரில் நடந்த கலவரத்தில் இன்னொருவர் பலியானார். ஆக, மாண்ட பொதுமக்கள் 14 பேர்.

நிறுத்தும்படி சைகை காட்டியும் வேன் வேகமாகச் செல்ல முயன்றதால் சந்தேகத்தில் சுட்டதாகவும், பிறகுதான் தவறு தெரிந்ததாகவும் உள்துறை மந்திரி அமித்ஷா பாராளுமன்றத்தில் கூறினார். உயிர் பிழைத்த தொழிலாளி ஒருவரோ, வேனை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்றார்.

இதில் எது உண்மை? அதைத் தீர்க்கத்தானே கோர்ட்டு இருக்கிறது! ஆனால் இந்த வழக்கு சாட்சி விசாரணைக்கே வரவில்லை.

அனுமதி என்ற பூட்டு

நாகாலாந்து போலீசின் விசேஷ புலனாய்வுக் குழு 2022-ல் ஒரு மேஜர் உள்பட 30 ராணுவத்தினர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஆனால் 1958-ம் ஆண்டின் ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் 6-வது பிரிவின்படி, மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்கு நடத்த முடியாது. 2023-ல் மத்திய அரசு அனுமதி மறுத்துவிட்டது. 2024 செப்டம்பர் 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு வழக்கை முடித்து வைத்தது. பின்னால் அனுமதி கிடைத்தால் வழக்கைத் தொடரலாம் என்றும் சொன்னது.

ஆபீஸ் வேலை பார்ப்பவர்களுக்கு 'சாங்ஷன்' என்ற வார்த்தை புதிதல்ல. தன்மீது வந்த புகாருக்குத் தானே சாங்ஷன் எழுத எந்த ஆபீசிலும் விடமாட்டார்கள். இங்கே படையை அனுப்பியதும் மத்திய அரசு. வழக்குக்கு அனுமதி தர வேண்டியதும் அதே மத்திய அரசு.

உத்தரவு போதுமா?

சிப்பாயின் நிலையையும் பார்க்க வேண்டும். மேலதிகாரியின் உத்தரவை வேண்டுமென்றே மீறினால் ராணுவச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை உண்டு. "சொன்னதைச் செய்தேன்" என்று அவர் கூறுவதில் வியப்பில்லை.

ஆனால் அதே சட்டம், "சட்டப்படியான உத்தரவு" என்றுதான் சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டமும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இதே கருத்தைத்தான் சொல்கின்றன. சட்டத்துக்கு உட்பட்ட உத்தரவின்படி கூட்டத்தைச் சுட்ட சிப்பாய் குற்றவாளி அல்ல. உத்தரவு சட்டத்துக்கு உட்பட்டதா என்பதே கேள்வி.

மும்பை போலீசார் மீதான ஒரு போலி என்கவுன்டர் வழக்கில் 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு, நூரம்பெர்க் விசாரணையில் நாஜிகள் சொன்ன "உத்தரவுப்படி செய்தோம்" என்ற வாதம் எடுபடவில்லை என்பதை நினைவூட்டியது. சட்டவிரோத உத்தரவை மறுப்பது போலீஸ்காரரின் கடமை என்றும் கூறியது. மணிப்பூர் வழக்கில் 2016-ல், அளவு மீறிய பலப்பிரயோகத்துக்கு ராணுவத்தினருக்கும் முழு விலக்கு கிடையாது என்று தீர்ப்பளித்தது.

ராணுவக் கோர்ட்டு

ராணுவத்துக்குள்ளேயே விசாரிக்கலாமே என்பார்கள். 2020 ஜூலையில் காஷ்மீரில் அம்ஷிபோரா என்ற இடத்தில், ரஜவுரியிலிருந்து கூலி வேலைக்கு வந்த 3 வாலிபர்கள் தீவிரவாதிகள் என்று கூறி சுட்டுக் கொல்லப்பட்டனர். ராணுவக் கோர்ட்டு ஒரு கேப்டனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 நவம்பரில் ஆயுதப்படை தீர்ப்பாயம் அதை நிறுத்திவைத்து அவருக்கு ஜாமீன் வழங்கியது.

ஓட்டிங்கில் தவறான தகவல் கொடுத்தது யார், சுடச் சொன்னது யார் என்பது கோர்ட்டில் குறுக்கு விசாரணை நடந்தால்தான் வெளிவரும். நல்லெண்ணத்தில் கீழ்ப்படிந்த சிப்பாய்க்கும் விடுதலை அங்கேதான் கிடைக்கும். அனுமதி மறுப்பு அவரைக் காப்பாற்றுவதைவிட, உத்தரவு போட்டவரைத்தான் அதிகம் காப்பாற்றுகிறது. வேலைக்குப் போய் வீடு திரும்பாதவர்களின் குடும்பத்தினருக்கு, நடந்தது என்ன என்பதைக் கோர்ட்டில் கேட்கும் உரிமையாவது கிடைக்க வேண்டும்.