விருது பெற்ற ஆசிரியருக்கு மேடை மட்டும் போதுமா?

ஆசிரியரைப் போற்றுவதில் எந்தவொரு அரசாங்கமும் பின்நிற்பதில்லை. ஆண்டுதோறும் விழா எடுத்து, மாலை அணிவித்து, சான்றிதழ் வழங்கிக் கௌரவிப்பது உலகெங்கும் வழமையாகிவிட்டது. ஆனால், பாடத்திட்டம் மாற்றப்படும் போதும் பரீட்சை முறைமை திருத்தப்படும் போதும் அதே ஆசிரியரின் கருத்து கேட்கப்படுகின்றதா என்ற வினாவுக்குப் பெரும்பாலான நாடுகளில் திருப்தியான பதில் கிடைப்பதில்லை. இக்குறையை நீக்குவதற்கென அமெரிக்காவில் விருது பெற்ற ஆசிரியர்களே ஒன்றிணைந்து நடத்திவரும் இலாபநோக்கற்ற வலையமைப்பொன்றின் அனுபவம் எமது கவனத்துக்குரியதாகும்.

அமெரிக்காவில் 'ஆண்டின் சிறந்த தேசிய ஆசிரியர்' விருது 1952ஆம் ஆண்டு தொடக்கம் வழங்கப்பட்டு வருகின்றது. ஒவ்வொரு மாநிலமும் தனது சிறந்த ஆசிரியரைத் தெரிவு செய்கின்றது. அவர்களுள் ஒருவர் தேசிய விருதுக்குரியவராகின்றார். ஓராண்டு காலம் வகுப்பறைக் கடமையிலிருந்து விடுவிக்கப்படும் அவர், ஆசிரியத் தொழிலின் தூதுவராக நாடெங்கும் சென்று உரையாற்றுகின்றார். அந்த ஓராண்டு முடிந்ததும் அடுத்தவர் வந்துவிடுவார். முன்னையவரின் அனுபவமும் அவர் திரட்டிய தொடர்புகளும் பயனற்றுப் போகும் நிலை இருந்தது. இதனை மாற்றும் பொருட்டு 1980ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டதே, மாநிலங்களின் சிறந்த ஆசிரியர்களுக்கான தேசிய வலையமைப்பாகும். விருது பெற்றவர்களும் இறுதிச் சுற்று வரை சென்றவர்களும் இதன் உறுப்பினர்களாவர். கல்வி ஆய்வுகளில் பங்கேற்பதும், கொள்கை வகுப்போர் முன்னிலையில் வகுப்பறையின் நிலைமையை எடுத்துரைப்பதும் இதன் பணிகளாகும்.

இத்தகைய அமைப்பொன்றின் தேவையை அண்மைக்கால அமெரிக்கக் கல்வி வரலாறு நன்கு உணர்த்துகின்றது. 2002ஆம் ஆண்டு ஜனவரியில் ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் கையொப்பமிட்ட 'எந்தப் பிள்ளையும் பின்தங்கலாகாது' என்ற சட்டம், மூன்றாம் தரம் முதல் எட்டாம் தரம் வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் பரீட்சை நடத்துவதைக் கட்டாயமாக்கியது. 2014ஆம் ஆண்டளவில் எல்லா மாணவரும் தேர்ச்சி மட்டத்தை எட்டிவிட வேண்டும் என்பது அதன் இலக்கு. இலக்கை அடையத் தவறிய பாடசாலைகள் தண்டனை நடவடிக்கைகளை எதிர்நோக்கின. ஜனாதிபதி ஒபாமாவின் நிர்வாகம் 2009இல் 4.35 பில்லியன் டொலர் பெறுமதியான போட்டி நிதியொன்றை அறிவித்து, மாணவரின் பரீட்சைப் பெறுபேறுகளைக் கொண்டு ஆசிரியரை மதிப்பிடும் முறைக்கு மாநிலங்களை ஊக்குவித்தது. நோக்கங்கள் நல்லவையாக இருந்திருக்கலாம். எனினும், பரீட்சையில் வராத பாடங்கள் ஓரங்கட்டப்படுவதையும் பிள்ளைகள் மீது சுமை ஏறுவதையும் முதலில் கண்டவர்கள் வகுப்பறையில் நின்றவர்களேயாவர்.

ஆனால் அவர்களின் குரல் எத்துணை தூரம் எட்டியது? 2009ஆம் ஆண்டின் தேசிய விருதைப் பெற்ற அந்தனி மலன், மாநில ஆளுநர்கள் உள்ளிட்டோர் கல்வி பற்றிக் காரசாரமாக உரையாடிய கூட்டமொன்றில் தாமும் அமர்ந்திருந்ததையும், தம்மிடம் நெடுநேரம் எவரும் கருத்துக் கேளாதிருந்ததையும் மறு ஆண்டில் வேதனையுடன் எழுதினார். நாட்டின் மிகச் சிறந்த ஆசிரியர் என்று அறிவிக்கப்பட்டவருக்கே இக்கதியென்றால், ஏனைய இலட்சக்கணக்கானோரின் நிலை பற்றிக் கூறவேண்டியதில்லை.

விருது பெற்ற ஆசிரியர்களிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வொன்றிலும் இவ்வலையமைப்பு பங்காளியாக இருந்தது. தம்மைச் சிறந்த ஆசிரியராக்கியது எது என்று கேட்கப்பட்டபோது, ஆற்றல்மிக்க வழிகாட்டியின் கீழ்ப் பெற்ற செயன்முறைப் பயிற்சி, ஆதரவளிக்கும் அதிபர், சக ஆசிரியர்களுடன் இணைந்து பணியாற்றும் வாய்ப்பு ஆகியவற்றையே அவர்கள் முக்கியமாகச் சுட்டினர். தண்டனைகளையும் தரவரிசைகளையும் நம்பியிருந்த கொள்கைக்கு இது வேறொரு திசையைக் காட்டியது. 2015 டிசம்பரில் நிறைவேறிய புதிய கல்விச் சட்டம், ஆசிரியர் மதிப்பீட்டு முறையை மத்திய அரசாங்கம் மாநிலங்கள் மீது திணிப்பதைத் தடுத்தது. மாநிலங்கள் தமது கல்வித் திட்டத்தைத் தயாரிக்கையில் ஆசிரியர்களைக் கலந்தாலோசிக்க வேண்டுமெனவும் விதித்தது. இதற்கு இவ்வலையமைப்பு மட்டுமே காரணம் என்று கூறுவதற்கில்லை. தொழிற்சங்கங்கள், பெற்றோர், இரு கட்சிகளின் அரசியல்வாதிகள் எனப் பலரின் அழுத்தம் அதன் பின்னணியில் இருந்தது.

இங்கு மற்றொரு பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். தேசிய விருதை நடத்துவது மாநிலங்களின் தலைமைக் கல்வி அதிகாரிகளின் பேரவையாகும். 2010இல் வெளியிடப்பட்டு பெரும் சர்ச்சைக்குள்ளான 'கொமன் கோர்' பொதுக் கல்வி நியமங்களை, மாநில ஆளுநர்களின் சங்கத்துடன் சேர்ந்து முன்னெடுத்ததும் அதே பேரவைதான். அந்நியமங்களுக்கேற்பத் தயாரிக்கப்பட்ட புதிய பரீட்சைகளைப் பழையவற்றுடன் ஒப்பிட்டு, புதியவையே மேலானவை என்று 2015இல் அறிக்கை வெளியிட்டது இவ்வலையமைப்பு. ஆசிரியர்கள் மனச்சாட்சிப்படியே தீர்ப்பளித்திருக்கலாம். ஆயினும், விருது வழங்குவோரின் கொள்கையை விருது பெற்றோர் மெச்சும்போது சந்தேகம் எழுவது இயல்பே. மேலும், இவர்கள் தெரிவு செய்யப்பட்டவர்களேயன்றி, ஆசிரியர்களின் வாக்குகளால் தெரிவானவர்கள் அல்லர். ஏறத்தாழ முப்பது இலட்சம் உறுப்பினர்களைக் கொண்ட தேசியக் கல்விச் சங்கம் போன்ற தொழிற்சங்கத்தின் இடத்தை விருதாளர்களின் அமைப்பு பிடித்துவிட முடியாது. தொழிற்சங்கத்தைப் புறந்தள்ளுவதற்கு விருதாளர்களைப் பயன்படுத்த அதிகார வர்க்கம் முற்படுமாயின், அது ஆசிரியர்களைப் பிரித்தாளும் தந்திரமாகவே முடியும்.

அவ்வாறெனின், விருது பெற்றவர்கள் அதிகாரத்தின் அலங்காரப் பொருட்கள் தானா? அல்ல என்பதற்கும் சான்றுகள் உள்ளன. 2018ஆம் ஆண்டின் தேசிய விருதைப் பெற்ற மண்டி மானிங், வொஷிங்டன் மாநிலத்தில் அகதி மற்றும் குடிபெயர்ந்த பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். குடிவரவு தொடர்பாகக் கடும்போக்கைக் கொண்டிருந்த ஜனாதிபதி ட்ரம்பிடம், வெள்ளை மாளிகை விழாவின்போதே தமது மாணவர்கள் எழுதிய கடிதங்களை அவர் கையளித்தார். 2019இல் விருது பெற்ற றொட்னி றொபின்சன், வெர்ஜீனியாவில் தடுப்பு நிலையத்தில் உள்ள சிறுவர்களுக்குக் கற்பித்தவர். 2016இன் விருதாளரான ஜஹானா ஹேய்ஸ், 2018இல் கனெற்றிக்கட் மாநிலத்திலிருந்து காங்கிரஸுக்குத் தெரிவான முதலாவது கறுப்பினப் பெண்மணியானார். தமக்குக் கிடைத்த கௌரவத்தைக் குரலற்ற பிள்ளைகளின் பக்கம் திருப்பியவர்கள் இவர்கள்.

இன்று அமெரிக்காவில் நிலைமை மேலும் சிக்கலாகியுள்ளது. மத்திய கல்வித் திணைக்களத்தை மூடுவதற்கு வழிவகுக்கும் நிறைவேற்று ஆணையில் ஜனாதிபதி ட்ரம்ப் 2025 மார்ச் மாதத்தில் கையொப்பமிட்டார். அத்திணைக்களத்தின் ஊழியர் தொகையை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைக்கும் நடவடிக்கையும் அதே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. காங்கிரஸின் அங்கீகாரமின்றி அதனை முற்றாக மூட முடியாதெனினும், தீர்மானங்களின் பாரம் மாநிலங்களின் பக்கம் சரிகின்றது. வறிய பிள்ளைகளுக்கும் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கும் உரிய பாதுகாப்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடக்கூடிய சூழலில், ஒவ்வொரு மாநிலத் தலைநகரிலும் வகுப்பறையை அறிந்தவரின் குரல் முன்னெப்போதையும் விட அவசியமாகின்றது.

ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தினத்தைக் கொண்டாடும் எமது வாசகர்களுக்கும் இந்த அனுபவம் அந்நியமானதன்று. சுற்றுநிருபம் வந்த பின்னரே மாற்றத்தை அறிந்துகொள்ளும் ஆசிரியர்களை நாம் எல்லோரும் அறிவோம்.

அமெரிக்க அனுபவத்திலிருந்து நாம் பெறும் முடிவு இதுவே. ஆசிரியரின் ஆலோசனை தீர்மானத்துக்கு முன்னர் கேட்கப்பட வேண்டும். எடுத்த தீர்மானத்துக்கு இணக்கம் பெறும் சடங்காக அது அமையலாகாது. அதிகாரிகளுக்கு உவப்பில்லாத கருத்தைக் கூறும் ஆசிரியருக்கும் மேசையில் இடம் இருத்தல் வேண்டும். விருதாளர்களின் அமைப்புகள் தமது சுயாதீனத்தைப் பேணவும், தொழிற்சங்கங்களுடன் கைகோத்து நிற்கவும் வேண்டும். இவை இன்றேல், பொன்னாடைகள் பெருகும். பிள்ளைகளின் சுமையோ குறையாது. கொள்கையின் பலாபலனை அனுபவிப்பவர்கள் பிள்ளைகளே என்பதைக் கொள்கை வகுப்போர் மறந்துவிடலாகாது.