லேசர் கண் சிகிச்சைக்குப் பின் பார்வைத் தொல்லைகள்: அறிய வேண்டியவை

லேசிக் சிகிச்சைக்குப் பின் கண் உலர்வு, இரட்டைப் பார்வை, இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவளையம் ஆகியவை தோன்றலாம். இவற்றை நோயாளிகளுக்கு முன்னரே தெளிவாகக் கூறுமாறு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2022 ஜூலை வரைவு வழிகாட்டுதல் பரிந்துரைத்தது.

சிகிச்சையில் கருவிழியின் உணர்நரம்புகள் துண்டிக்கப்படுவதால் கண் உலர்கிறது. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் குறையும், சிலருக்கு நீடிக்கும். பரிசோதனையில் பார்வை 6/6 என வந்தாலும் தொல்லை உண்மையானதே. உடனிருப்போர் அதனை மனப்பிரமை என ஒதுக்கலாகாது.

மாமல்லபுரம் கடற்காற்றில் செல்லும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியவும். கண்ணைக் கசக்க வேண்டாம். மருத்துவர் அனுமதிக்கும் வரை கடலில் குளிக்க வேண்டாம். ஒளிவளையம் குறையும் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்கவும்.

கடும் வலி, கண் சிவப்பு, திடீர்ப் பார்வைக் குறைவு ஏற்பட்டால், சிகிச்சை அளித்த மருத்துவரையோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அன்றே அணுகவும்.